“எங்கள் இன வழக்கத்தில் தலையிடாதே” என்கிறார்கள்: மகளை ஊருக்கு அழைத்துப் போகலாமா?

கடிதத்தின் சுருக்கம்

ஜெர்மனியில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சிறுவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் வந்தவர். கணவர் இராக்கின் குர்திஸ்தான் பகுதியில் ரானியா பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். காதல் திருமணம். ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு மகள்கள்.

போன வருடம் மாமியார் விசாவில் வந்து தங்கியபோது, மூத்த மகள் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரை வாங்கி ஓரமாக வைத்துவிடுவாராம், குடிக்க மாட்டாராம். காரணம் வாசகிக்கு அப்போது புரியவில்லை. அண்மையில், அதே நகரத்தில் இருக்கும் கணவரின் அக்காதான் விஷயத்தை உடைத்திருக்கிறார்: சுன்னத்து, அதாவது பிறப்புறுப்பின் ஒரு பகுதியை வெட்டும் சடங்கு, செய்யப்படாத பெண்ணின் கையால் தண்ணீரோ சாப்பாடோ வாங்கினால் ஆகாது என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. அக்காவுக்கும் சிறுவயதில் அது செய்யப்பட்டிருக்கிறது. தன் மகள்களுக்கு அவர் செய்யவில்லை. ஆனால் “இதைப் பற்றி ஜெர்மன்காரர்களிடம் வாய் திறக்காதே, குர்துகளைக் காட்டுமிராண்டி என்று சொல்ல அவர்களுக்கு இன்னொரு காரணம் கொடுக்காதே” என்று எச்சரித்திருக்கிறார்.

இப்போது மாமியார் வீடியோ அழைப்பில், “பிள்ளை வளர்ந்துவிட்டாள், கோடையில் கூட்டிக்கொண்டு வா” என்கிறார். கணவர், “அம்மா சும்மா சொல்கிறார், அங்கே எல்லாம் நின்றுவிட்டது” என்கிறார். வாசகி அழுத்திக் கேட்டபோது கோபம் வந்துவிட்டது: “எங்களுக்கு நாடு இல்லை, மொழியும் வழக்கமும்தான் மிச்சம். நீ தமிழச்சி, உனக்குமா இது புரியவில்லை?”

வாசகியின் கேள்விகள்: பயணம் போகலாமா? ஆண் பிள்ளைகளுக்குச் செய்வதைப் போன்ற சின்னக் கீறல்தானா இது? மருத்துவமனையில் சுத்தமாகச் செய்தால் ஆபத்து குறையுமா? வெளியாளான எனக்குக் கேட்க உரிமை உண்டா? அதிகாரிகளிடம் போனால் கணவரை நாடு கடத்திவிடுவார்களா?

அன்புச் சகோதரிக்கு,

முதலில் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோடையில் மகள்களை அங்கே அழைத்துப் போக வேண்டாம். உங்கள் கணவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் இன்னும் தன் தாயிடம் “முடியாது” என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அதற்காகத்தான். அவர் அதைச் சொல்லி, மாமியார் அதைக் கேட்டு ஏற்றுக்கொண்ட பிறகு, இன்னொரு வருடம் போய்க்கொள்ளலாம். மகள்களுக்கு அப்பம்மாவின் ஊரும் உறவும் வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

உங்கள் பயம் வீண் பயம் அல்ல

இதை ஆப்பிரிக்க நாடுகளின் பிரச்சினை என்று உங்களிடம் சொன்ன குடும்ப மருத்துவரைப் போல் இங்கே பலர் நினைக்கிறார்கள். இராக்கிய குர்திஸ்தானில் இது இருப்பதே வெளியுலகத்துக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 2004-இல் கர்மியான் பகுதிக் கிராமங்களில் மருத்துவ உதவிக்காகப் போன வாதி என்ற தொண்டு அமைப்பின் பெண் பணியாளர்களிடம், அங்குள்ள பெண்கள் நம்பிக்கை வந்த பிறகு மெல்லச் சொன்னார்கள். 2010-இல் அந்த அமைப்பு வெளியிட்ட ஆய்வில் எர்பில், சுலைமானியா, கர்மியான் பகுதிகளில் கேட்கப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 70-க்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்குச் செய்யப்பட்டதாகச் சொன்னார்கள். உங்கள் கணவரின் ரானியா வட்டாரம் அந்தப் பட்டியலில் மிக மேலே இருந்த இடங்களில் ஒன்று.

“எல்லாம் நின்றுவிட்டது” என்பது பாதி உண்மை. 2018-இல் இராக் அரசும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்கில், குர்திஸ்தான் பகுதியில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 37 பேருக்கு மேல் செய்யப்பட்டிருந்தது. ஆனால் இளம் சிறுமிகளிடம் அது வெகுவாகக் குறைந்துவிட்டதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக, கணவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரைப் பற்றிப் பேசுகிறார், நீங்கள் கேட்பதோ அந்த ஊரில் ஒரு வீட்டைப் பற்றி. பேத்தி நீட்டிய தண்ணீரைக் குடிக்காத பெண்மணி இருக்கும் வீடு அது. பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வயதுக்குள், பாட்டியோ அத்தையோ ஊர் மருத்துவச்சியோ சேர்ந்து, ஒரு முற்பகலில் முடித்துவிடும் காரியம் இது. தகப்பனிடம் கேட்பதுகூட இல்லை. பெண்கள் விஷயம் என்று ஆண்கள் விலகிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். அதனால் கணவர் மனப்பூர்வமாக “நடக்காது” என்று சொன்னாலும், அவர் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் நடந்துவிட முடியும்.

சின்னக் கீறல் என்பது

குர்திஸ்தானில் பெரும்பாலும் நடப்பது, உலக சுகாதார நிறுவனம் முதல் வகை என்று குறிப்பிடுவது. கிளிட்டோரிஸின் வெளியே தெரியும் நுனியை, அல்லது அதை மூடியிருக்கும் தோலை, அல்லது இரண்டையும் வெட்டுவது. சோமாலியாவிலும் சூடானிலும் செய்வதுபோல் வெட்டித் தைத்து மூடுவது அங்கே வழக்கமில்லை. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் “எங்களுடையது லேசானது” என்கிறார்கள்.

ஆறு வயதுப் பிள்ளையிடம் அந்த இடம் எவ்வளவு சிறியது என்று நினைத்துப் பாருங்கள். தோலும் நுனியும் அந்த வயதில் இன்னும் ஒட்டியே இருக்கும். பிள்ளை திமிறும், நான்கு பேர் பிடித்திருப்பார்கள். தோலை மட்டும் அளவாக எடுப்பேன் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒரு பெண்ணின் உடலில் உணர்நரம்புகள் மிக நெருக்கமாகச் சேரும் இடம் அது, அதற்கென்று தனி ரத்தக் குழாய் வேறு. ரத்தப்போக்கு, தொற்று, வலியால் சிறுநீரை அடக்கிக்கொள்வது ஆகியவை உடனடி ஆபத்துகள். பல வருடம் கழித்துத் தழும்பில் கட்டி, தாம்பத்தியத்தில் வலி, தொட்டாலே உடல் இறுகிப்போவது என்று வந்து நிற்கிறவர்கள் உண்டு. ஆண் பிள்ளைகளின் சுன்னத்தோடு இதை ஒப்பிடும் வாதம் அடிக்கடி வருகிறது. ஆணுக்கு எடுப்பது முன்தோல். பெண்ணிடம் வெட்டுப்படுவது இன்ப உணர்வின் உறுப்பே. இச்சையை அடக்கி வைக்கத்தான் இது என்று செய்கிறவர்களே வெளிப்படையாகச் சொல்வார்கள்.

மருத்துவரான என்னிடம் பரிசோதனைக்கு வந்த ஒரு குர்தியப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. இரண்டு பிரசவமும் ஜெர்மன் மருத்துவமனையில். ஒவ்வொரு பரிசோதனைக் குறிப்பிலும் “இயல்பாக உள்ளது” என்று எழுதியிருந்தது. தழும்பைச் சுட்டி, இது எப்போது நடந்தது என்று நான் கேட்டதும், பக்கத்தில் இருந்த கணவரை வெளியே போகச் சொன்னார். பிறகு சொன்னார்: அடுப்புச் சாம்பலைக் காயத்தில் அப்பியது, அந்தச் சூடு, அப்புறம் கையில் கொடுத்த மிட்டாய். “நாற்பது வயதில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார்” என்றார். முதல் வகையைப் பழக்கமில்லாத கண் எளிதாகத் தவறவிடும். இங்கே குர்தியப் பெண்களின் துன்பம் பதிவேறாமலே போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துச் செய்தால்? தொற்று குறையலாம், வெட்டப்படுவது அதே உறுப்புதான். ஜெர்மனியில் அதைச் செய்யும் மருத்துவர் சிறைக்குப் போவார். அந்த வழியை மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள்.

இனத்தின் வழக்கமா?

உங்கள் கணவரின் அந்த ஒரு வாக்கியம்தான் உங்களை ஊமையாக்கியிருக்கிறது என்று கடிதத்தில் தெரிகிறது. நாடில்லாத இனம் என்ற வலி உங்களுக்கும் தெரிந்தது. அந்த வலி பொய்யில்லை. 1988 மார்ச் 16-இல் ஹலப்ஜாவில் சதாமின் விமானங்கள் நச்சு வாயுக் குண்டு போட்டதில் சுமார் 5,000 பேர் இறந்தார்கள். அதே வருடம் அன்ஃபால் என்ற பெயரில் கிராமம் கிராமமாக அழித்தார்கள். 2017 செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்து, வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 90-க்கும் மேல் தனிநாடு வேண்டும் என்று சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. இப்படிப்பட்ட மக்களின் பிள்ளை ஐரோப்பாவில் இராக்கியக் கடவுச்சீட்டோடு நிற்கும்போது, பாட்டியின் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்க மனம் வராது. இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் பெண் சுன்னத்து குர்திய அடையாளம் என்பது நடந்ததோடு பொருந்தவில்லை. குர்து இனத்தில் பெரும்பான்மையோர் இதைச் செய்வதே இல்லை. துருக்கியிலும் சிரியாவிலும் வாழும் குர்துகளிடம் இந்த வழக்கம் கிட்டத்தட்ட இல்லை. இராக்கிலேயே, வடமேற்கில் குர்திய மொழியின் பாதினி வட்டார வழக்கைப் பேசும் தோஹூக் பக்கம் மிக அரிது. யாசிதி என்ற தனி மதத்தைப் பின்பற்றும் குர்துகளிடம் கிடையாது. சோரானி வழக்கைப் பேசும் எர்பில், சுலைமானியா, கர்மியான் பக்கமும், எல்லைக்கு அப்பால் ஈரானின் சில குர்தியப் பகுதிகளிலும்தான் வேரூன்றியிருந்தது. மறுபக்கம், கிர்கூக்கில் சில அரபு, துருக்மேன் குடும்பங்களிலும் இருக்கிறது. ஒரு நிலப்பகுதியின் பழக்கத்தை ஓர் இனத்தின் முத்திரையாக எப்படி ஆக்குவது? தோஹூக்கில் பிறந்த பெண் குர்தியப் பெண் இல்லையா?

இதைவிட முக்கியமானது, இதை நிறுத்தியவர்கள் யார் என்பது. கிராமம் கிராமமாகப் போய்ப் பேசியவர்கள் குர்தியப் பெண்கள். தடைச் சட்டம் கேட்டு 2007-இல் குர்திஸ்தான் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த மனுவில் 14,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் இருந்தன. 2011 ஜூனில் எர்பிலில் உள்ள அந்த நாடாளுமன்றம் குடும்ப வன்முறைக்கு எதிரான எட்டாம் எண் சட்டத்தை இயற்றி, செய்கிறவர்களுக்கும் தூண்டுகிறவர்களுக்கும் தண்டனை வைத்தது. அது பாக்தாத் போட்ட சட்டம் இல்லை, ஐரோப்பா திணித்ததும் இல்லை. பலர் ரத்தம் சிந்தித் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஒரே நாடாளுமன்றம் அது. உங்கள் கணவரின் ரானியாவில்தான் 1991 மார்ச்சில் சதாமுக்கு எதிரான எழுச்சி தொடங்கியது, அந்த எழுச்சியின் பலனாக மறுவருடம் பிறந்த மன்றம். அது வேண்டாம் என்று சொன்னதை மகளின் உடலில் செய்வதா இனப்பற்று? கணவரிடம் இதைக் கேளுங்கள். சண்டைக்காக வேண்டாம், அவருக்கு உண்மையிலேயே பதில் யோசிக்க நேரம் கொடுத்துக் கேளுங்கள்.

புலம்பெயர்ந்த குர்துகளிடம் இந்த விஷயத்தில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. “இது நம் வழக்கம், தலையிடாதே” என்பது ஒன்று. “குர்துகளிடம் இப்படி ஒன்று இல்லவே இல்லை, அரபுகளிடமிருந்து வந்தது, தொண்டு நிறுவனங்கள் பணத்துக்காகக் கிளப்பியது” என்பது இன்னொன்று. கேட்க எதிரெதிராக இருந்தாலும் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: வெட்டுப்பட்ட பெண்ணைப் பேச விடாமல் செய்வது. உங்கள் கணவரின் அக்கா இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். தன் மகள்களைக் காப்பாற்றிவிட்டார், இனத்தின் பெயரையும் காப்பாற்றப் பார்க்கிறார். பத்திரிகைகளில் குர்துகளைப் பற்றி மானக்கொலை, கட்டாயத் திருமணம் என்று மட்டுமே படித்துச் சலித்துப்போனவரின் கோபம் அது. அவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய துணை அவர்தான்.

மதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. “அவர்கள் இஸ்லாமியர், அதனால்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். குர்துகளில் பெரும்பாலோர் ஷாஃபி மரபைப் பின்பற்றும் சுன்னிகள். அந்த மரபின் பழைய நூல்களில் இதற்கு ஆதரவு உண்டு என்பது உண்மை. ஆனால் துருக்கியின் குர்துகளும் பெரும்பாலும் ஷாஃபிகளே, அவர்கள் செய்வதில்லை. குர்திஸ்தான் மார்க்க அறிஞர்களின் ஃபத்வா குழு 2010 ஜூலையில், இஸ்லாம் இதை விதிக்கவில்லை என்று அறிவித்தது. எகிப்தின் அல் அஸ்ஹரும் 2007-இல் இதற்கு மார்க்க அடிப்படை இல்லை என்றது. மாமியார் தொழுகையாளி என்றால் இந்த அறிவிப்புகள்தான் அவர் காதில் ஏறும், என் மருத்துவ விளக்கம் ஏறாது.

“நம்மவர்களிடம் இல்லாத ஒன்று” என்றும் எழுதியிருந்தீர்கள். இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில், பிறந்த சில வாரங்களிலேயே இதைச் செய்யும் ஒஸ்தா மாமி என்ற பெண்ணை வரவழைத்துச் செய்கிறார்கள். மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று இலங்கை சுகாதார அமைச்சு 2018-இல் சுற்றறிக்கை விட்டது. இந்தியாவில் தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தில் கத்னா என்று அழைக்கப்படும் இதே வழக்கம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கணவரிடம் பேசும்போது “உங்கள் ஆட்கள், எங்கள் ஆட்கள்” என்று பிரித்துப் பேசாமல் இருக்க இது உதவும்.

வெளியாளுக்கு உரிமை உண்டா?

நீங்கள் அந்தப் பிள்ளையின் தாய். இதற்கு மேல் ஒரு தகுதி வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

ஜெர்மனியில் 2013-இலிருந்து இது தனிக் குற்றம். தண்டனைச் சட்டம் 226ஏ பிரிவு, ஒன்று முதல் பதினைந்து வருடம் வரை சிறை. ஜெர்மனியில் வசிக்கும் பிள்ளைக்கு வெளிநாட்டில் வைத்துச் செய்தாலும் இங்கே வழக்குப் போடலாம். செய்யலாம் என்று சேர்ந்து திட்டமிடுவதேகூடக் குற்றமாகலாம். நடக்கப்போவது தெரிந்தும் பிள்ளையை அழைத்துப்போகும் தாய்க்கும் பொறுப்பு வரும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. “நான் என்ன செய்ய முடியும், அவர்கள் வீட்டு முடிவு” என்ற நினைப்பைச் சட்டம் ஏற்காது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாடு கடத்தல் பயத்துக்கு வருவோம். ஆலோசனை கேட்பதால் யாரும் நாடு கடத்தப்பட மாட்டார்கள். பெயர் சொல்லாமலே ஆலோசனை நிலையங்களிலும் யூகண்ட்அம்ட் எனப்படும் சிறார் நல அலுவலகத்திலும் பேசலாம். பெண்கள் மீதான வன்முறைக்கான உதவி எண் 116 016, இரவு பகல் எந்த நேரமும், பல மொழிகளில், இலவசம். கணவரின் தங்கும் உரிமைக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் குற்றம் நடந்து தண்டனை கிடைத்தால்தான். அதனால் இந்தக் குற்றம் நடக்காமல் பார்த்துக்கொள்வது அவரையும் காப்பாற்றுகிறது.

நிலைமை கையை மீறினால், அதாவது உங்களுக்குத் தெரியாமல் விமானச் சீட்டு வாங்கியது தெரிந்தால், மகளின் கடவுச்சீட்டு இருந்த இடத்தில் இல்லாவிட்டால், “அங்கே உனக்கு ஒரு விருந்து, ஒரு பரிசு” என்று அவளிடம் யாராவது ரகசியமாகச் சொல்லியிருந்தால், அன்றைக்கே குடும்ப நீதிமன்றத்துக்குப் போங்கள். பயணத்தைத் தடுக்கும் அவசர உத்தரவு கிடைக்கும். கடவுச்சீட்டை மறுக்கவும் திரும்பப் பெறவும்கூட 2017-இலிருந்து சட்டத்தில் இடமிருக்கிறது. குடும்பச் சட்ட வழக்கறிஞர் ஒருவரை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பேசுவது

கணவரோடு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, கைப்பேசியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். அவர் தாயைக் குறை சொல்லித் தொடங்க வேண்டாம். அந்த அம்மாவுக்கும் ஐந்தாறு வயதில் யாரோ செய்ததுதான், அவர் வலித்தது என்று சொல்ல அங்கே இடமே இருக்கவில்லை. “உங்கள் அக்காவுக்கு நடந்தது தெரியுமா?” என்று கேளுங்கள். பல ஆண்களுக்குத் தங்கள் வீட்டில் நடந்தது முழுதாகத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை ஒரு சடங்கு என்றே மனத்தில் வைத்திருப்பார்கள். அக்காவின் அனுமதி இல்லாமல் அவர் விவரங்களைச் சொல்லிவிடாதீர்கள். அக்காவே தம்பியிடம் பேச முன்வந்தால், என் அனுபவத்தில், அந்த ஒரு பேச்சோடு பல வீடுகளில் விஷயம் முடிந்துவிடுகிறது.

கணவர் மாமியாரிடம் சொல்ல வேண்டியது நீளமாக இருக்க வேண்டாம். “அம்மா, என் மகள்களுக்கு இது நடக்காது. நம் நாடாளுமன்றமே தடை செய்துவிட்டது. நடந்தால் நான் சிறைக்குப் போவேன்.” மூன்று வாக்கியம், குர்திய மொழியில், அவர் வாயால். உங்களை முன்னால் விட்டுப் பேசவைக்கக் கூடாது. அந்நிய மருமகள் தடுத்தாள் என்றால் அது வீம்பாகிவிடும். மகன் சொன்னால் அது குடும்பத்தின் முடிவு. அந்த அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும்: “என் பையனை உள்ளே போட்டுவிடுவார்களாம்.” இதற்காகவே ஜெர்மன் அரசு 2021-இல் ஒரு பாதுகாப்புக் கடிதத்தை வெளியிட்டது. கடவுச்சீட்டுக்குள் மடித்து வைக்கும் அளவில் இருக்கும். இணையத்தில் பல மொழிகளில் கிடைக்கிறது. பின்னால் என்றைக்காவது ஊருக்குப் போனால் அதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை மருத்துவரிடம் மகளின் அடுத்த பரிசோதனையின்போது உங்கள் கவலையைச் சொல்லி, கோப்பில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கு ரகசியம் காக்கும் கடமை உண்டு. மகளுக்கும் அவள் வயதுக்கேற்றபடி சொல்லிக்கொடுங்கள்: உள்ளாடைக்குள் இருப்பது உன்னுடையது, யார் தொட்டாலும், அப்பம்மாவாக இருந்தாலும், உடனே வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

கணவரின் அக்காவுக்கு என் பொருட்டு ஒரு செய்தி. வலியோ தாம்பத்தியத்தில் சிரமமோ இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. தழும்பை அகற்றி, உள்ளே மிச்சமிருக்கும் பகுதியை வெளியே கொண்டுவரும் அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது. கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உடலுக்கு உள்ளே இருப்பதால் அது சாத்தியமாகிறது. பெர்லினில் வால்ட்ஃப்ரீட மருத்துவமனையில் 2013-இலிருந்து இதற்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. கேட்டுப் பார்ப்பதற்கு ஜெர்மன் ஆட்கள் முன்னால் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, பெண் மருத்துவரும் குர்திய மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் உள்ளூர்ச் சங்கத்து ஆளாக இல்லாமல் தொலைபேசி வழி வேறு நகரத்திலிருந்து பேசுகிறவராக இருந்தால் அவருக்கு நிம்மதியாக இருக்கும்.

கணவர் தாயிடம் பேசிய பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். அவர் பேச மறுத்தால், அதையும் உடனே எழுதுங்கள். அப்போது வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.